பழைய கண்ணாடிக் கோலி: யார் செய்தது, என்ன வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கண்ணாடிக் கோலிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் கோலிகள் பெரும்பாலும் இரண்டு வழியில் வந்தவை: 1840களிலிருந்து ஜெர்மனியில் கையால் செய்தவை, 1900களிலிருந்து அமெரிக்காவில் மெஷினில் செய்தவை. அதனால் பதில்களும் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கும்.

கோலியைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முனைகளை. நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உருண்டைக்கு ஏது முனை என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணாடிக் கோலியும், சூடாக உருகிய கண்ணாடியிலிருந்து எங்கோ ஓரிடத்தில் வெட்டிப் பிரிக்கப்பட்டதுதான். அந்த வெட்டு ஒரு தடத்தை விட்டுப் போகும். கத்தரிக்கோல் வெட்டியதா, மெஷினின் கத்தி வெட்டியதா, வெட்டுவதற்கு முன் கண்ணாடி முறுக்கப்பட்டதா, நேராக இறங்கியதா என்பதெல்லாம் அந்தத் தடத்தில் இருக்கும். ஒரே சிவப்பையும் ஒரே வெள்ளையையும் ஐந்து கம்பெனிகள் பயன்படுத்தியிருக்கின்றன. வெட்டும் முறை அப்படி எளிதில் ஒத்துப்போவதில்லை. நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவரிடம், முனையைப் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், நல்ல வெளிச்சமும் போதும். கோலியை மெதுவாக உருட்டிக்கொண்டே, வடிவம் எல்லாம் வந்து கூடும் இடத்தைத் தேடுங்கள்.

கையால் செய்ததா, மெஷினில் செய்ததா என்று எப்படித் தெரியும்?

கையால் செய்த கோலியில் பான்டில் எனப்படும் தழும்பு இருக்கும். துரிங்கியாவில் உள்ள லவுஷா என்ற ஊர்தான் ஜெர்மன் கண்ணாடிக் கோலிக்குத் தாய்வீடு. அங்கே 1840களில் கோலிக்கென்றே ஒரு கத்தரி உருவானது. அதன் ஒரு பக்கத்தில் சின்னக் கிண்ணம், மறு பக்கத்தில் வெட்டும் அலகு. தொழிலாளி முதலில் கம்பியின் நுனியில் கண்ணாடியைத் திரட்டி, நிறக் கம்பிகளை ஒட்டி, மேலே இன்னொரு அடுக்கு தெளிவான கண்ணாடி போர்த்துவார். அதை இழுத்து முறுக்கி நீளத் தண்டாக்குவார். பிறகு தண்டின் நுனியைக் கத்தரியின் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றி உருட்டி, வெட்டி எடுப்பார். இப்படி ஒரு தண்டிலிருந்து பல கோலிகள் வந்தன.

அதனால்தான் தண்டில் வெட்டிய கோலிக்கு எதிரெதிரே இரண்டு தழும்புகள். சிலவற்றில் அது சொரசொரவென்று அப்படியே விடப்பட்டிருக்கும். சிலவற்றில் தேய்த்துச் சின்னச் சின்னத் தட்டை முகங்களாக்கியிருப்பார்கள். சிலவற்றில் மறுபடி சூடுகாட்டி மழுங்கவிட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் நிற இழைகள் ஒரு தழும்பில் தொடங்கி மறு தழும்பில் முடியும். சில கோலிகளில் இழைகள் பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கும். அது குறை இல்லை. தண்டின் தொடக்கத்திலோ கடைசியிலோ வெட்டிய கோலி அது. எனக்கு இவை மேல் தனி ஆசை உண்டு. தண்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெந்தக் கோலியும் காட்டாது.

மெஷின் கோலியில் இந்தச் சொரசொரப்பு கிடையாது. உருளைகளுக்கு நடுவே உருண்டு வந்ததால் முழுக்க வழவழப்பாக இருக்கும். வெட்டுத் தடம் மெல்லிய கோடாகவோ மடிப்பாகவோ மட்டும் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: ஒரே ஒரு வெட்டுத் தழும்பு உள்ள கோலி. இவற்றை இடைக்காலக் கோலி என்பார்கள். கையால் கண்ணாடியைத் திரட்டி, மெஷினிலோ எளிய கருவியிலோ உருட்டியவை இவை.

ஜெர்மன் கோலியைச் செய்தவர் பெயரைச் சொல்ல முடியுமா?

அநேகமாக முடியாது. குடும்பம் குடும்பமாக, பட்டறை பட்டறையாகச் செய்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை. பெயர் சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இங்கே அடையாளம் என்பது வகையைச் சொல்வதுதான்.

நடுவே வலை போன்ற பின்னல் இருந்தால் அது லாட்டிசினோ. வலை வெள்ளையாக இருப்பதே அதிகம், மஞ்சள் குறைவு, சிவப்பு, நீலம், பச்சை அரிது. நடுத்தண்டு முழுக்க நிறம் அடைத்திருந்தால் முழுக்கரு வகை. தனித்தனிப் பட்டைகள் நடுவே இடைவெளி விட்டுச் சுற்றினால் பிரிகரு. ஒரே தட்டையான நாடா முறுகிப் போனால் ரிப்பன். மேற்பரப்புக்குச் சற்றே கீழே நிற இழைகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நின்றால் ஜோசப்ஸ் கோட்.

ஆனியன்ஸ்கின் வேறு வழியில் வருவது. உருகிய கண்ணாடியை உடைந்த நிறத் துணுக்குகள் மேல் உருட்டி, பிறகு இழுத்திருப்பார்கள். துணுக்குகள் நீண்டு, உள்ளே ஒரு தோல் போலப் படிந்திருக்கும். லென்ஸில் பார்த்தால் அது தொடர்ந்து ஓடும் கம்பி இல்லை, விட்டுவிட்டு நீண்ட புள்ளிகள் என்று தெரியும். ஜோசப்ஸ் கோட்டுக்கும் இதற்கும் குழப்பம் வந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியன் என்பது ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி மேல் நிறப் பட்டைகள் ஓடும் வகை. கிளாம்பிராத் என்பது பால் நிறக் கண்ணாடி மேல் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள். அப்ரகத் துகள் மின்னும் கோலிக்கு மைக்கா என்று பெயர்.

லட்ஸ் என்பது கம்பெனியா?

இல்லை. செப்புப் படிகங்கள் பொன்னாக மினுங்கும் அவென்சுரின் கண்ணாடிப் பட்டை உள்ள ஜெர்மன் கோலிக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர். பாஸ்டன் அண்ட் சாண்ட்விச் கண்ணாடிக் கம்பெனியில் வேலை செய்த நிக்கலஸ் லட்ஸ் இந்த மினுங்கும் கண்ணாடியில் பெயர் பெற்றவர்; கோலியையும் அவர்தான் செய்தார் என்று பிற்காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பொன் பட்டையின் இரு ஓரத்திலும் வெள்ளைக் கோடு இருப்பது பட்டை லட்ஸுக்கு முக்கிய அடையாளம்.

உள்ளே விலங்கு, பறவை, மனித உருவம் இருக்கும் கோலி?

சல்ஃபைடு. வெள்ளைக் களிமண் போன்ற பொருளில் உருவம் செய்து, சூடாக்கி, தெளிவான கண்ணாடிக்குள் புதைத்திருப்பார்கள். உருவத்தைச் சுற்றி மெல்லிய காற்று சிக்கிக்கொள்வதால் அது வெள்ளி போல மின்னும். ஒவ்வொன்றையும் தனியாகச் செய்ததால் ஒரே ஒரு தழும்புதான். வழக்கமாக உருவத்தின் காலடியில் இருக்கும். நிறக் கண்ணாடிக்குள் உருவம், அல்லது வண்ணம் தீட்டிய உருவம் என்றால் அரிது. அரிது என்பதாலேயே புதிதாகச் செய்து பழையது என்று விற்பதும் இந்த வகையில்தான் நடக்கிறது.

மெஷின் கோலியைத் தொடங்கியது யார்? அவர் கோலியை எப்படி அறிவது?

ஓஹையோவின் ஆக்ரன் நகரில் இருந்த மார்ட்டின் ஃபிரெடெரிக் கிறிஸ்டென்சன். அவருடைய மெஷினுக்கு 1905ல் காப்புரிமை கிடைத்தது. எம்.எஃப். கிறிஸ்டென்சன் அண்ட் சன் கம்பெனி 1917 வரை நடந்தது.

மெஷின் என்றாலும் பாதி வேலை கைதான். ஒருவர் கம்பியில் கண்ணாடியைத் திரட்டி மேலிருந்து சொட்ட விடுவார். சரியான அளவில் வெட்டியதும் அந்தத் துண்டு உருளைகளுக்குள் விழும். மேலே கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், கண்ணாடியின் தலைப்பக்கம் '9' என்ற எண் போலச் சுழி விழும். எதிர் முனையில் வெட்டுத் தடம் ஒரு வாலாக நிற்கும். ஒளி புகும் நிறக் கண்ணாடிக்குள் வெள்ளை கலந்த ஸ்லாக் வகையில், ஒரு பக்கம் தெளிவான 9, மறுபக்கம் வால் இரண்டும் சேர்ந்து இருந்தால் இந்தக் கம்பெனியை முதலில் நினைக்கலாம். ஆக்ரோ அகேட் என்ற இன்னொரு கம்பெனியும் தொடக்க நாட்களில் இப்படிக் கையால் திரட்டி ஸ்லாக் செய்திருக்கிறது. அதனால் 9 இருந்தாலே கிறிஸ்டென்சன் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிறிஸ்டென்சன் அகேட் என்பதும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு. கிறிஸ்டென்சன் அகேட் கம்பெனி 1925ல் ஓஹையோவின் பெய்ன் என்ற ஊரில் தொடங்கி, கேம்பிரிட்ஜ் என்ற ஊருக்கு மாறி, 1933ல் மூடப்பட்டது. இருந்தது சில வருடங்கள்தான் என்றாலும், அமெரிக்க மெஷின் கோலிகளில் இவ்வளவு அழகான நிறத்தை வேறு யாரும் தரவில்லை என்பது என் கருத்து. ஆரஞ்சும் மஞ்சளும் நீலமும் கண்ணைப் பறிக்கும். சேகரிப்பாளர்கள் 'எலெக்ட்ரிக்' நிறம் என்பார்கள். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் கலங்கல் இல்லாமல் ஓரம் கூர்மையாக நிற்கும். தெளிவான அல்லது நீலக் கண்ணாடி மேல் பல நிறப் பொட்டுகள் இழுபட்டுப் பரவியிருந்தால் அது கினி. அதே பொட்டுகள் உள்ளே புதைந்திருந்தால் கோப்ரா. இரண்டுக்கும் நல்ல விலை இருப்பதால் போலிகளும் உண்டு.

கார்க்ஸ்க்ரூ என்றால் ஆக்ரோதானா?

பழைய அமெரிக்க மெஷின் கோலிகளில், ஆம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆக்ரோ அகேட் ஆக்ரனில் தொடங்கி 1914ல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்குப் போனது. 1951 வரை இயங்கியது. கண்ணாடி வெளியே வரும் இடத்தில் அதைச் சுழல வைத்ததால், நிறப் பட்டை ஒரு முனையில் தொடங்கி, கோலியைச் சுற்றிச் சுற்றி இறங்கி, மறு முனையில் முடிகிறது.

சோதிக்கும் வழி எளிது. ஒரு பட்டையின் மேல் நகத்தை வைத்து அது போகும் வழியே நகர்த்துங்கள். அறுபடாமல், மற்றப் பட்டையைக் குறுக்கே வெட்டாமல், எதிர் முனையில் போய் நின்றால் கார்க்ஸ்க்ரூ. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாலோ, பாதியில் ஒரு இணைப்புக் கோட்டில் முட்டி நின்றாலோ அது வேறு வகை.

ஒளி புகாத இரண்டு நிறம் மட்டும் என்றால் பிரைஸ் நேம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் ஸ்பெஷல். பால் போன்ற அரை ஒளி புகும் கண்ணாடியில் நிறப் பட்டை என்றால் ஏஸ். எல்லாரும் கேட்கும் பாப்பாய் என்பது தெளிவான கண்ணாடிக்குள் வெள்ளை இழைகள் நிரம்பி, அதோடு இன்னும் இரண்டு நிறங்கள் சுற்றுவது. கார்ட்டூன் பாத்திரத்தின் படம் போட்ட பெட்டியில் விற்றதால் வந்த பெயர். வெள்ளை இழையே இல்லாத இருநிறக் கோலியைப் பாப்பாய் என்று விற்கிறார்கள். வாங்க வேண்டாம்.

மஞ்சளும் கறுப்பும் உள்ள 'பம்பிள்பீ': பெல்டியரா, மார்பிள் கிங்கா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. இரண்டு கம்பெனியின் கோலிக்கும் இதே பெயர்தான், மதிப்பு ஒன்றல்ல.

பெல்டியர் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒட்டாவா ஊரில் இருந்த கண்ணாடிக் கம்பெனி. விக்டர் பெல்டியர் 1886ல் தொடங்கியது. கோலிக்கு வந்தது 1920களில். நேஷனல் லைன் ரெயின்போ என்ற பழைய வரிசைதான் இதன் பெருமை. இதில் அடிக்கண்ணாடி ஒரே நிறம்; அதன் மேல் ஒல்லியான நாடாக்கள் ஓடும்; இரண்டு இணைப்புக் கோடுகள் தெரியும். ஆக, பெல்டியர் பம்பிள்பீ என்றால் மஞ்சள் உருண்டை மேல் ஒல்லிக் கறுப்பு நாடாக்கள்.

மார்பிள் கிங் 1949ல் பிறந்தது. மேற்கு வர்ஜீனியாவில் லாரன்ஸ் ஆலி நடத்திய கோலி ஆலையை, கோலி வியாபாரி பெர்ரி பிங்க்கும் பெல்டியர் குடும்பத்தைச் சேர்ந்த செல்லர்ஸ் பெல்டியரும் வாங்கினார்கள். பின்னர் அதே மாநிலத்தின் பேடன் சிட்டி என்ற ஊரில் நிலைத்தது. இதில் மஞ்சளும் கறுப்பும் அகலமான பட்டைகளாக மாறி மாறி வரும். மேலே இருக்கும் நிறம் மெல்லிய போர்வைதான், உள்ளே வெள்ளை; உடைந்த கோலி ஒன்று கிடைத்தால் நன்றாகத் தெரியும். சிவப்பும் கறுப்பும் வாஸ்ப், சிவப்பும் நீலமும் ஸ்பைடர்மேன், பச்சையும் மஞ்சளும் கேர்ள் ஸ்கௌட். பம்பிள்பீயும் வாஸ்பும் ஏராளமாகக் கிடைக்கும். ஸ்பைடர்மேன் அப்படிக் கிடைக்காது.

பெல்டியர் வரிசையில் வெளிர் நீல அடியில் சிவப்பு, மஞ்சள் நாடா வந்தால் சூப்பர்மேன். வெள்ளை அடியில் சிவப்பு, பச்சை வந்தால் கிறிஸ்துமஸ் ட்ரீ. சிவப்பு, நீலம் வந்தால் லிபர்ட்டி. சூப்பர்மேனில் அடிக்கண்ணாடியே நீலமாக இருக்க வேண்டும். வெள்ளை அடியில் நீலப் பட்டை இருந்தால் அது சூப்பர்மேன் ஆகாது.

விட்ரோ அகேட்?

1932ல் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க்கில் தொடங்கியது. இதுவும் வெள்ளை மேல் நிறத்தைப் போர்த்தும் வேலைதான். ஒரு பக்கம் சிவப்புத் திட்டு, எதிர்ப்பக்கம் வேறு நிறத் திட்டு, நடுவே வெள்ளை என்றால் 'ஆல் ரெட்'. நான்கைந்து நிறம் கலந்த பெரிய கோலிகள் பேரட்.

எந்த வகையிலும் அடங்காத சுழல் கோலிகள் நிறைய இருக்கின்றனவே?

மேற்கு வர்ஜீனியச் சுழல் கோலிகள். ரேவன்ஸ்வுட், ஆலி, ஹீட்டன், கெய்ரோ நாவல்ட்டி, சாம்பியன் என்று பல கம்பெனிகள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே மாதிரிக் கோலி செய்தன. ஹீட்டனும் கெய்ரோ நாவல்ட்டியும் ஒரே ஊர். இவற்றைப் பிரித்தறிய நமக்கு வழி கிடைத்தது, பழைய ஆலைகள் இருந்த இடத்தில் சேகரிப்பாளர்கள் மண்ணைத் தோண்டிக் கழிவுக் கண்ணாடியையும் பாழான கோலிகளையும் எடுத்துப் பார்த்ததால்தான். ஆனாலும் படத்தைப் பார்த்து 'இது ஆலிதான்' என்று அடித்துச் சொல்ல முடியாத கோலிகள் ஏராளம். 'மேற்கு வர்ஜீனியச் சுழல்' என்று எழுதி வைப்பது தப்பே இல்லை. தெரியாத பெயரை ஒட்டுவதைவிட அது நேர்மை. 1987ல் தொடங்கிய ஜேபோ கம்பெனியின் சுழல் கோலிகளும் இந்தக் கூட்டத்தில் கலந்து 'பழையது' என்று வருகின்றன, கவனம்.

ஆக்ஸ்பிளட் என்பது வெறும் சிவப்பா?

இல்லை. காய்ந்த ரத்தம் போன்ற துருச் சிவப்பு, துளியும் ஒளி புகாது, உள்ளே மெல்லிய கறுப்பு நரம்புகள் ஓடும். லென்ஸில் கறுப்பு நரம்பு இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆக்ரோவிடம் இது நிறைய உண்டு. மஞ்சள் கலந்த அடியில் வந்தால் லெமனேட் ஆக்ஸ்பிளட். எம்.எஃப். கிறிஸ்டென்சனின் 'பிரிக்' முழுக் கோலியே இந்த நிறம்தான். அதிலும் 9 சுழியைத் தேடுங்கள்.

புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது. பழையதா?

யுரேனியம் கலந்த கண்ணாடி என்று தெரிகிறது, அவ்வளவுதான். பல கம்பெனிகள் பயன்படுத்தின. இன்றும் சிலர் செய்கிறார்கள். வயதையும் செய்தவரையும் விளக்கு சொல்லாது.

பூனைக்கண் கோலிகளுக்கு மதிப்பு உண்டா?

பெரும்பாலானவற்றுக்கு இல்லை. தெளிவான கண்ணாடிக்குள் நிற இதழ்கள் நிற்கும் இவை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்கச் சந்தையை நிறைத்தவை. அமெரிக்கக் கம்பெனிகளும் பிறகு செய்தன. பெல்டியரின் 'பனானா' மட்டும் தனி: உள்ளே ஒரே ஒரு இதழ், நடு பருத்து முனை ஒடுங்கியிருக்கும்.

எது சேதம், எது செய்யும்போதே வந்தது?

மடிப்பு, சுருக்கம், உள்ளே குமிழி, மேலே சின்னக் குழி: இவை உருட்டும்போது வந்தவை, மதிப்பை அதிகம் குறைக்காது. பிறை வடிவில் உள்ளே மின்னும் விரிசலுக்கு மூன் என்று பெயர். அது வேறொன்றில் மோதியதால் வந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் பளிச்சென்று தெரியும். சிதறிய சில்லு அதைவிட மோசம். மேலே தேய்ந்து மங்கிய கோலியைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், உள் வடிவம் அந்த நேரத்துக்குத் தெளிவாகத் தெரியும்.

பாலிஷ் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையால் செய்த கோலியில், செய்தபோதே தேய்த்தோ சூடுகாட்டியோ மழுக்கியது போல இல்லாமல், தழும்பு மேற்பரப்போடு ஒன்றாகி வழவழவென்று இருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ சந்தேகம் வர வேண்டும். மேற்பரப்பில் இருக்க வேண்டிய பட்டை சில இடங்களில் தேய்ந்து மெலிந்திருக்கும். லட்ஸிலும் இந்தியனிலும் இது சட்டெனத் தெரியும். மெஷின் கோலியில் வெட்டுக் கோட்டின் மெல்லிய மேடுபள்ளம் மறைந்திருக்கும். பாலிஷ் போட்டதை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்க வேண்டும்.

பழைய பெட்டியோடு வந்தால் அடையாளம் உறுதிதானே?

பெட்டி உதவும், தீர்ப்புச் சொல்லாது. பெர்ரி பிங்க், எம். குரோப்பர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் ஆலைகளில் வாங்கித் தங்கள் பெயரில் விற்ற வியாபாரிகள். குரோப்பர் பெட்டியில் பெல்டியரும் இருக்கலாம், கிறிஸ்டென்சன் அகேட்டும் இருக்கலாம். காலியான பழைய பெட்டியில் வேறு கோலிகளை நிரப்புவதும், பெட்டியையே புதிதாக அச்சடிப்பதும் நடக்கிறது. படக்கதைப் பாத்திரங்களின் முகம் பதித்த பெல்டியர் கோலிக்கும் இதே எச்சரிக்கைதான். பன்னிரண்டு முகங்கள் உண்டு. முகத்தைப் பார்ப்பதற்கு முன், அது பதிந்திருக்கும் கோலி பெல்டியரின் கோலிதானா என்று பாருங்கள்.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்ப வேண்டும். எப்படி எடுப்பது?

குறைந்தது நான்கு படம்: இரண்டு முனைகளும் தனித்தனியாக, பக்கவாட்டில் இரண்டு. வெயில் நேராக விழாத பகல் வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், அதன் வெள்ளைப் புள்ளி சரியாக வெட்டுத் தடத்தின் மேல் போய் உட்காரும். பின்னணி சாம்பல் நிறத் துணி. ஒளி புகும் கோலி என்றால் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டி இன்னொரு படம். அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். வழக்கமான கோலி 16 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 12க்கும் குறைவோ 19க்கும் அதிகமோ என்றால் பதில் சொல்பவருக்கு அதுவே ஒரு துப்பு.